கரப்பான் தோலில் (எக்ஸிமாவில்) கிருமி புகுந்தால்: மலையகத்து வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மகளுக்கு அப்போது ஏழு வயது. மார்கழி மாதம், தலவாக்கலைப் பக்கத்துக் குளிர், விடிய ஐந்தரை மணி. பள்ளிக்கூடத்துக்கு எழுப்பப் போனால் சுவெட்டரின் கை கழலவில்லை. முழங்கை மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரைத் தொட்டு நனைத்து மெல்ல உரித்தேன். உள்ளே தேன் வழிந்து காய்ந்தது போல மஞ்சள் பொருக்கு, அதற்கு அடியில் ஈரம், லேசான ஒரு வாடை.

அன்று நான் செய்த முதல் காரியமே தவறு. மகளின் கரப்பானுக்கு ஆஸ்பத்திரியில் தந்த ஸ்டீராய்டு கிரீமை நிறுத்தினேன். "சீழ் வச்ச இடத்துல அதப் பூசினா கிருமி உள்ளுக்கு இறங்கிடும்" என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள், எனக்கும் சரியாகத்தான் பட்டது. நான்கு நாளில் இரண்டு கையும் கழுத்தும் அதே கதிக்கு வந்துவிட்டன.

அதற்குப் பிறகு பல வருடம் தோல் கிளினிக் வாங்கில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. அதனால் எந்த மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்பதை இதில் தேட வேண்டாம். எதைப் பார்க்க வேண்டும், எதைத் தொடர வேண்டும், எப்போது ஓட வேண்டும், அவ்வளவுதான்.

கிருமிக்கு இந்தத் தோல் ஏன் பிடிக்கிறது

கரப்பான் என்று நாம் சொல்லும் எக்ஸிமாவில் தோலின் மேல் அடுக்கு இறுக்கமாக இருப்பதில்லை. ஃபிலாக்ரின் என்ற புரதம் பலருக்குப் பிறவியிலேயே குறைவு. ஆணி கழன்ற தகரக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கிற சூடு வெளியே போகும், வெளியே பெய்கிற மழை உள்ளே வரும். இந்தத் தோலிலும் ஈரம் வெளியே போகிறது, கிருமி உள்ளே வருகிறது.

வரும் கிருமிகளில் முதல் ஆள் ஸ்டெஃபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியா. எக்ஸிமா உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்கு, புண் பட்ட இடத்தில் இது இருக்கும். காய்ச்சல், சீழ் எதுவும் இல்லாதபோதுகூட இருக்கும். ஆகவே பஞ்சால் துடைத்துச் சோதித்த ரிப்போர்ட்டில் கிருமி என்று வந்துவிட்டதாலேயே தொற்று என்று ஆகிவிடாது. அது அங்கே குடியிருக்கிறதா, கலவரம் பண்ணுகிறதா என்பதுதான் கேள்வி.

அது விடும் நஞ்சு எக்ஸிமாவைக் கிளறும். எக்ஸிமா கிளம்பினால் அரிக்கும், சொறிந்தால் தோல் கிழியும், கிழிந்தால் கிருமி பெருகும். இந்த வட்டத்தை அறுக்கப் பலர் அன்டிபயோட்டிக்கைத்தான் தேடுகிறார்கள். ஆனால் தோல் ஆறினால் கிருமியின் எண்ணிக்கை தானாகவே இறங்குகிறது. நான் நிறுத்திய ஸ்டீராய்டு கிரீம் செய்துகொண்டிருந்த வேலை அதுதான்.

முதல் படி: வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள்

காம்பிராவின் மங்கல் பல்பில் ஒன்றும் தெரியாது. வாசலில் உட்கார வைத்துப் பாருங்கள்.

புத்தகங்களில் "சிவந்திருக்கும்" என்றுதான் போட்டிருக்கும். நம் தோல் நிறத்தில் அது கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில சமயம் வெறும் கறுப்பாகத்தான் தெரியும். நிறத்தை நம்பாமல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சுடுகிறதா? அரிப்பை விட வலி கூடியிருக்கிறதா? நேற்று வரை கேட்ட கிரீம் இன்று கேட்கவில்லையா? நீர் கசிகிறதா, மஞ்சள் பொருக்கு கட்டியிருக்கிறதா, மயிர்க்கால்களில் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் இருக்கின்றனவா? இவை பக்டீரியாவின் அடையாளங்கள்.

சுட்டு, வீங்கி, வலியோடு பரவுகிறது என்றால் அதன் ஓரத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டிவிட்டால், அல்லது காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால், அது தோலின் ஆழத்துக்கு இறங்கிய தொற்றாக இருக்கலாம். விடியும் வரை காத்திருக்க வேண்டாம்.

கொழுந்து எடுக்கிறவர்கள் தங்கள் விரல்களையும் பார்க்க வேண்டும். மழை நாளில் முழு நாளும் ஈரத்தில் ஊறிய நகக்கண் வீங்கி வலித்தால், அங்கே பக்டீரியாவோடு ஈஸ்ட் பூஞ்சையும் சேர்ந்திருக்கலாம். இடுப்பில் கட்டிய படங்குக்கு அடியில் வியர்வை தேங்குகிற இடத்திலும், அட்டை கடித்துச் சொறிந்த கணுக்காலிலும் இதே கதைதான்.

இரண்டாம் படி: "அம்மை போட்டிருக்கு" என்று சொல்லும்முன்

இந்த ஒரு பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

என் நாத்தனார் மகனுக்கு நான்கு வயது, கன்னத்திலும் கழுத்திலும் கரப்பான். ஒரு வியாழக்கிழமை காய்ச்சல். வெள்ளிக்கிழமை கன்னத்தில் கொத்தாகக் கொப்புளம். அப்பாயி பார்த்தார், "ஆத்தா வந்திருக்கா, ஒருத்தரும் மருந்து கிருந்துன்னு பேசாதீங்க" என்றார். வேப்ப மரம் எங்கள் குளிருக்கு லேசில் வராது. யாரோ மாத்தளைப் பக்கமிருந்து கொண்டு வந்த கொத்து வாசலில் ஏறியது. குளிப்பாட்டவில்லை, பழைய கிரீம், மாத்திரை எல்லாம் நின்றன. ஞாயிறு இரவு பிள்ளைக்கு ஒரு கண் திறக்கவில்லை. 1990 அம்புலன்ஸுக்கு அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அது அம்மை இல்லை. உதட்டோரம் கொப்புளம் போட வைக்கும் ஹெர்பீஸ் வைரஸ், கரப்பான் தோலில் ஏறிப் பரவியிருந்தது. எக்ஸிமா ஹெர்பெட்டிகம் என்று இதற்குப் பெயர். 1887-லேயே கபோசி என்ற வைத்தியர் இதை விவரித்து எழுதியிருக்கிறார். அசைக்ளோவிர் வருவதற்கு முந்திய காலத்தில் பிள்ளைகள் செத்த நோய் இது. இன்று அந்த மருந்தை நேரத்தோடு தொடங்கினால் ஆறிவிடுகிறது.

எப்படிப் பிரித்தறிவது? அம்மைக் கொப்புளம் உடம்பெல்லாம் சிதறிக் கிடக்கும். ஒன்று அரும்பாக, ஒன்று நீர் கோத்து, ஒன்று பொருக்குத் தட்டி, வெவ்வேறு பருவத்தில் இருக்கும். இது அப்படியல்ல. கரப்பான் இருக்கிற இடத்தைத் தேடிக் கொத்தாக வரும். எல்லாம் ஒரே அளவு, ஒரே சாயல். உடைந்த பிறகு, பேனா முனையால் அழுத்திக் குழித்தது போல 1 முதல் 3 மில்லிமீட்டர் அளவில் வட்டமான புண்கள். அரிப்பை விட வலி அதிகம். பிள்ளை சோர்ந்துவிடும், சாப்பிடாது, கழுத்தில் நெறி கட்டும். வீட்டில் யாருக்காவது அண்மையில் உதட்டுக் கொப்புளம் வந்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பு.

கை கால் வாய் நோய் தரும் வைரஸும் கரப்பானில் ஏறிக்கொண்டு இதே மாதிரி நிற்கும். அதைப் பிரிப்பது வைத்தியர் வேலை. உங்கள் வேலை அன்றைக்கே போவது. கண்ணைச் சுற்றியோ மூக்கு நுனியிலோ இருந்தால் கண் வைத்தியரும் அன்றைக்கே பார்க்க வேண்டும், ஏனென்றால் கருவிழியில் ஏறினால் அங்கே தழும்பு விழுந்து பார்வை கெடலாம். நிற்காமல் பூச வேண்டிய ஸ்டீராய்டு கிரீமுக்கு இது ஒன்றுதான் பெரிய விதிவிலக்கு: இந்தக் கொத்துக் கொப்புளத்தின் மேல் ஸ்டீராய்டோ, டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு இல்லாத எக்ஸிமாப் பூச்சோ பூசாதீர்கள். எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை வைத்தியர் சொல்வார்.

அப்பாயியோடு சண்டை போட வேண்டியதில்லை. வேப்பிலையைப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். நாத்தனார் மகன் பத்து நாளில் வீடு திரும்பினான், கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் தண்ணீர் அதன் பிறகு ஊற்றினோம்.

மூன்றாம் படி: கழுவுவது

பக்டீரியாப் பொருக்கு என்று தெரிந்தால் அதன் மேலேயே கிரீம் பூசிப் பயனில்லை, மருந்து தோலைத் தொடாது. கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பத்து நிமிடம் மேலே போட்டு வையுங்கள். பொருக்கு இளகித் துணியோடு வரும். வராததைப் பிய்க்க வேண்டாம், மாலையில் மறுபடி நனையுங்கள்.

பீலித் தண்ணீரில் குளிப்பது கெடுதல் இல்லை. ஆனால் ஐஸ் போன்ற தண்ணீருக்குப் பயந்து ஆவி பறக்கக் காய்ச்சி ஊற்றுவதுதான் மலைநாட்டில் நடக்கிறது. அந்தச் சூடு ஐந்து நிமிடச் சுகம், அப்புறம் ஐந்து மணி நேர அரிப்பு. முழங்கையால் தொட்டுப் பார்த்து, சூடும் இல்லை குளிரும் இல்லை என்ற பதத்தில் ஊற்றுங்கள். சவுக்காரத்தை அக்குள், கால் என்று தேவையான இடத்தோடு நிறுத்துங்கள். கிருமிநாசினித் திரவத்தைக் குளிக்கும் தண்ணீரில் ஊற்றுவது வேண்டவே வேண்டாம், வெடித்த தோலை அது எரித்துவிடும்.

நீர் நிறையக் கசிந்தால் வைத்தியர் பொட்டாசியம் பெர்மாங்கனேட் எழுதலாம். பழைய ஆட்கள் கொண்டிஸ் என்பார்கள். நிறம் இளம் ரோஸாக இருக்க வேண்டும், கத்தரிப்பூ நிறம் வந்தால் கூடிவிட்டது என்று அர்த்தம். ஒரு பளிங்குகூடக் கரையாமல் நிற்கக் கூடாது, பட்ட இடம் வெந்துவிடும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் ஆபத்து. நகம் பழுப்பாவது பற்றிக் கவலை வேண்டாம், போய்விடும்.

நான்காம் படி: ஸ்டீராய்டு கிரீமை விடாமல் பூசுவது

அன்றைக்கு நான் கோட்டை விட்ட இடம். பக்டீரியாத் தொற்றுக்கு மருந்து தொடங்கியிருந்தாலும் இல்லாவிட்டாலும், எக்ஸிமாவுக்கு எழுதிய ஸ்டீராய்டை வைத்தியர் நிறுத்தச் சொல்லாத வரை தொடர வேண்டும். வீக்கம் இறங்கினால்தான் தோல் மூடும், தோல் மூடினால்தான் கிருமிக்கு வழி அடைபடும்.

எவ்வளவு பூசுவது? டியூபிலிருந்து, பெரியவர் ஒருவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களையும் சேர்த்து) அளவு தோலுக்கு அது போதும். பயத்தில் கடுகளவு தொட்டு ஒரு கை முழுக்க இழுப்பவர்கள்தான் நம்மில் அதிகம். அப்படிப் பூசினால் ஆறவும் ஆறாது, மாதக்கணக்கில் பூசிக்கொண்டே இருக்கவும் வேண்டிவரும். முகத்துக்கு ஹைட்ரோகோர்ட்டிசோன் போன்ற லேசானது, கை காலுக்கு பீட்டாமெதசோன் போன்ற வலுவானது என்று தனித்தனியாகத் தந்திருப்பார்கள், டியூபை மாற்றிவிடாதீர்கள்.

கிரீமுக்கு மேலே ஈரத்துணியைச் சுற்றிக் கட்டி வைக்கும் முறையை வைத்தியர் சொல்லியிருந்தால், தொற்று இருக்கும் நாட்களில் அதை மட்டும் நிறுத்தி வையுங்கள். மூடிக் கட்டினால் உள்ளே கிருமிக்கு நல்ல சூடு. டாக்ரோலிமஸ் பூசுகிறவர்கள் தொற்று அடங்கும் வரை அந்த இடத்தை விட்டுவிட வேண்டும்.

ஒரு டியூபைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து என்று எடுத்துத் தரும் கலவைக் கிரீம். வலுவான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, அன்டிபயோட்டிக் மூன்றும் ஒன்றாக. உண்மையில் இருப்பது படர்தாமரை என்றால் ஸ்டீராய்டு அதன் வட்ட ஓரத்தை மழுங்கடித்துவிடும். அரிப்பு குறையும், "கேக்குது" என்று தோன்றும், பூஞ்சை அடியில் சத்தமில்லாமல் பரவும். அப்புறம் எந்த வைத்தியர் பார்த்தாலும் அடையாளம் தெரியாது. நியோமைசின் என்ற அன்டிபயோட்டிக் கலந்ததால் அந்த மருந்துக்கே ஒவ்வாமை வந்து, கரப்பான் மேல் கரப்பான் வந்தவர்களும் உண்டு. எனக்கு இந்தக் கலவை டியூப்களைக் கண்டாலே எரிச்சல்.

ஐந்தாம் படி: அன்டிபயோட்டிக் எப்போது

லேசாகக் கசிகிறது, பிள்ளை ஓடியாடுகிறது, காய்ச்சல் இல்லை என்றால் பெரும்பாலும் அன்டிபயோட்டிக் தேவைப்படாது. இப்படிப்பட்ட பிள்ளைகளை வைத்து பிரிட்டனில் செய்த ஆய்வில், ஸ்டீராய்டு கிரீமோடு அன்டிபயோட்டிக் சேர்த்தவர்களும் சேர்க்காதவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேறினார்கள். 2021-ல் வந்த பிரிட்டிஷ் வழிகாட்டலும், உடம்புக்கு முடியாமல் போகாதவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது.

பரவுகிறது, காய்ச்சல், வலி, நிறையச் சீழ் என்றால் கதை வேறு. குளொக்சசிலின், ஃப்ளூகுளொக்சசிலின் வகை மருந்துகளை எழுதுவார்கள். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டியவை. இவை பெனிசிலின் குடும்பம், அது ஒத்துக்கொள்ளாது என்றால் துண்டு எழுதும்முன்பே சொல்லுங்கள். மூன்றாம் நாள் பொருக்கு உதிர்ந்ததும் மிச்சத்தை அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பது நம் ஊர் வழக்கம். அதைச் செய்யாதீர்கள்.

ஃபியூசிடிக் அமிலம் போன்ற பூச்சு அன்டிபயோட்டிக் ஒரு சின்ன இடத்துக்கு ஐந்திலிருந்து ஏழு நாள். மாதக்கணக்கில் பூசினால் கிருமி அதற்குப் பழகிவிடும், உண்மையில் தேவைப்படும் நாளில் கேட்காது. இரண்டு மூன்று நாளில் மாத்திரை கேட்கவில்லை என்றால் கடைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போங்கள். பஞ்சுச் சோதனைக்கு அதுதான் நேரம்.

ஆறாம் படி: வீடு

ஒருவருக்குக் கரப்பான், ஆனால் இரவில் வீட்டில் எல்லோரும் சொறிகிறீர்கள். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றிக் குருக்கள். அது பெரும்பாலும் சிரங்கு, கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் புகுந்து வருவது. லயத்தில் ஒரு சுவர்தான் இடைவெளி, ஒரே கம்பளியில் மூன்று பிள்ளைகள், பகலில் பிள்ளைக்காம்பிராவில் இன்னும் இருபது பிள்ளைகள். எக்ஸிமா கிரீமால் சிரங்கு போகாது. பெர்மெத்ரினோ பென்சைல் பென்சோயேட்டோ வைத்தியர் தந்தபடி வீட்டில் உள்ள எல்லோரும், அரிப்பு இல்லாதவரும்கூட, ஒரே இரவில் பூச வேண்டும். கழுவ முடியாத கம்பளியைப் பையில் கட்டி மூன்று நாளுக்கு மேல் யாரும் தொடாமல் வையுங்கள். பூச்சி செத்த பிறகும் அரிப்பு இரண்டு மூன்று வாரம் நிற்கும், அதைப் பார்த்து மறுபடி மறுபடி பூசித் தோலைக் கெடுக்காதீர்கள்.

ஈரப்பதக் கிரீம் தினமும் இரண்டு தடவையாவது, குளித்த கையோடு, தாராளமாக. டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள், இல்லையென்றால் டப்பாவே கிருமிப் பண்ணை. மயிர் சாயும் திசையில் தடவுங்கள், எதிராகத் தேய்த்தால் மயிர்க்காலில் சீழ் வைக்கும். வாங்க வசதியில்லாத மாதம் சுத்தமான தேங்காயெண்ணெய் மோசமில்லை. பிலிப்பைன்ஸில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் ஒலிவ் எண்ணெயை விட அது ஸ்டெஃபிலோகொக்கஸை நன்றாகக் குறைத்திருந்தது. கசியும் புண்ணில் மட்டும் வேண்டாம்.

நெருப்பு விஷயத்தில் கவனம். பரஃபின் கிரீம், எண்ணெய் ஊறிய துணி சட்டென்று பற்றும், வேகமாக எரியும். துவைத்தாலும் முழுக்கப் போகாது. கிரீம் பூசிய பிள்ளையை அந்த சுவெட்டரோடு விறகடுப்பு முன்னால் குளிர் காய உட்கார வைக்காதீர்கள். சுவெட்டருக்கு உள்ளே பருத்திச் சட்டை ஒன்று போட்டால் கம்பளி நூல் குத்தாது, அரிப்பும் குறையும். நகத்தை வாரத்துக்கு ஒரு முறை வெட்டுங்கள்.

ஏழாம் படி: பெரிய மருந்துகளில் இருப்பவர்களுக்கு

கடுமையான கரப்பானுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட், சைக்ளோஸ்போரின், அசதயோப்ரின் எடுப்பவர்களுக்கு உடம்பின் காவல் கொஞ்சம் தளர்ந்திருக்கும். சாதாரணக் காய்ச்சலைக்கூடக் கிளினிக்குக்குத் தெரிவிக்க வேண்டும். பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நான்கே நாளில் தோலைப் பளபளப்பாக்கும், நிறுத்தியதும் பழையதை விட மோசமாகத் திரும்பும். பெயர் எழுதாத பொட்டலப் பொடி சாப்பிட்டு அதிசயமாக ஆறினால், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்றே முதலில் சந்தேகப்படுங்கள்.

கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருக்கும் உறவினர்கள் புதிய மருந்துகளைப் பற்றிச் சொல்வார்கள். டுபிலுமாப் ஊசி, அமெரிக்காவில் 2017-ல் அனுமதி பெற்றது. அதைப் போட்டவர்களுக்குத் தோல் தொற்று கூடவில்லை, குறைந்தே இருந்தது. தோல் ஆறினால் கிருமி குறையும் என்பதற்கு இன்னொரு சாட்சி. ஆனால் கண் சிவந்து உறுத்துவது பலருக்கு வரும். உபடசிட்டினிப், அப்ரோசிட்டினிப் போன்ற மாத்திரைகள் வேறு வகை. அவற்றில் அக்கியும் ஹெர்பீஸும் கிளம்பும் வாய்ப்பு கூடுகிறது. தொடங்கும்முன் காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

தடுப்பூசி பற்றி ஒரு குழப்பம் உண்டு. கரப்பான் இருப்பதால் மட்டும் கிளினிக் அட்டையில் உள்ள எதையும் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் நம் அட்டையில் உள்ள எம்எம்ஆர், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசிகள் உயிருள்ள தடுப்பூசிகள். மேலே சொன்ன மருந்துகளில் இருக்கும் பிள்ளை என்றால் ஊசிக்கு முன் மருந்துப் பெயரை மிட்வைஃபிடம் காட்டுங்கள்.

ஆறிய பிறகும் ஆறு வாரம்

தோல் தொற்றில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற இன்னொரு பக்டீரியா கலந்திருந்தால், புண் ஆறி எல்லோரும் மறந்த பிறகு சிறுநீரகம் வீங்கலாம். காலையில் பிள்ளையின் இமை உப்பியிருக்கிறதா, சிறுநீர் சாயத் தேத்தண்ணி நிறத்தில் போகிறதா, அளவு குறைந்திருக்கிறதா என்று ஆறு வாரம் கவனியுங்கள். ஒன்று இருந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

கண்டி, பதுளை, நுவரெலியா போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளின் தோல் கிளினிக்குக்குப் போக, தோட்டத்து டிஸ்பென்சரியிலோ பக்கத்து ஆஸ்பத்திரியிலோ ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அரை நாள் சம்பளமும் பஸ் காசும் போட்டுப் போகிறோம், வைத்தியர் பார்ப்பது சில நிமிடம். அதனால் கிளம்பும்போது, கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது, பாதி தீர்ந்தது, காலாவதியானது என்று வீட்டில் உள்ள அத்தனை டியூபையும் ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு எடுத்துப் போங்கள். புண் மோசமாக இருந்த நாளில் வாசல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். கிளினிக் நாளில் அது பாதி ஆறியிருக்கும், "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அப்போது அந்தப் படத்தை நீட்டுங்கள்.